தக்கலையில் பழைய ஓலை படித்துத் தரும் அறை: ஒரு மூத்தாசாரியைத் தேடிப் போன அனுபவம்

பழைய ஓலை, முறி, கணக்குச் சீட்டு என்று எதையாவது மச்சிலோ பெட்டியிலோ வைத்துக்கொண்டு, யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று தெரியாமல் இருக்கும் குடும்பங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறைய உண்டு. அவர்களுக்காகவும், என்னைப் போலப் பழைய வீடுகளைக் கட்டியவர் யார் என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தக்கலையில் ஒரு மாடி அறையில் கோர்ட் ரெக்கார்டு அறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இந்த வேலையைச் செய்து தருகிறார். எல்லாரும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். போர்டு எதுவும் கிடையாது. நாலு மாதத்தில் ஆறு தடவை போய் வந்துவிட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாமதம் ஆகும், சில விஷயங்கள் எரிச்சல் தரும், ஆனாலும் போங்கள்.

நான் மார்த்தாண்டத்தில் வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிற தொழில் செய்கிறேன். பழைய வீடுகளை இடிக்கும் முன் ஒரு தடவை அளந்து வைப்பது என் பழக்கம். அப்படி அளந்த வீடுகளில் ஏழு வீடுகள் என்னை விடவேயில்லை. குழித்துறையிலிருந்து தக்கலை வரைக்கும் அங்கொன்று இங்கொன்றாக இருப்பவை. எல்லாம் நம் பக்கத்து அறப்புரை (நெல் அறை உள்ள பகுதி), பூமுகம் (முன் திண்ணைப் பகுதி) வைத்த வீடுகள்தான், பார்வைக்குப் பெரிய விசேஷம் இல்லை. ஆனால் மேலே ஏறிப் பார்த்தால், கூரைச் சரிவில் இறங்கும் கழுக்கோல்களை ஒன்றோடொன்று இணைக்கிற வளைமரம், கழுக்கோலுக்குள் நுழைந்து போகிற இடத்தில் அடித்திருக்கும் மர ஆப்பு ஏழு வீட்டிலும் ஒரே மாதிரி, ஒரே பக்கத்திலிருந்து அடிக்கப்பட்டிருந்தது. வேறு வீடுகளில் நான் பார்த்ததற்கு நேர் எதிர்ப்பக்கம். அதில் ஒரு வீட்டுப் பாட்டி, யாரும் கேட்காமலே, "இது இடங்கையன் ஆசாரி வச்ச வீடாக்கும்" என்றார். அன்றைக்குத் தொடங்கியது இந்தத் தேடல். அவர் ஒரு மூத்தாசாரி, அதாவது தச்சு வேலைக்குத் தலைமை ஆசாரி. பெயரைக் கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் அவர் வழி வந்தவர்கள் பொதுவில் எழுத வேண்டாம் என்றதால் இங்கே எழுதவில்லை.

திருவனந்தபுரத்தில் அவர் வேலை செய்த காலத்தில், அதாவது 1870-களை ஒட்டி, எழுந்த கட்டடங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. செக்ரடேரியட்டைக் கட்டியவர் பார்ட்டன் என்ற எஞ்சினியர், 1869-ல் முடிந்தது, அந்த நகரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நேப்பியர் மியூசியம் சிசம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்தது, 1880-ல் முடிந்தது. வரைபடம், ஒப்பந்தம், கடிதம் என்று சர்க்கார் தாளில் எல்லாம் பதிவாகும் வேலை அது. அதே வருஷங்களில் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் ஒரு மூத்தாசாரி கோலும் உளியுமாக நடந்து போய் வீடு வைத்துக் கொடுத்தால், அதற்குச் சாட்சி அந்த வீட்டுக்காரர் எழுதி வைத்த கூலிக் கணக்கு ஓலை மட்டும்தான். அதுவும் கறையானுக்குத் தப்பினால். போதாததற்கு, 1956 நவம்பர் 1-ல் நாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகு, நம் வீட்டுக் கதையின் பாதி எல்லைக்கு அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமும் கிடக்கிறது. தக்கலைக்குப் பக்கத்திலேயே இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனையே இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் கையில்தானே இருக்கிறது.

ஏழில் நாலு வீட்டில் ஓலையும் தாளும் கிடைத்தன. ஆசானைப் பற்றித் தெரிவதற்கு முன், வேறு ஊரில் ஒரு நிறுவனத்திடம் படங்களை அனுப்பிப் படித்துத் தரச் சொன்னேன். பெயர் வேண்டாம். மூன்றே நாளில் அழகாக டைப் செய்து அனுப்பினார்கள். ஒரு இடத்தில்கூடக் காலி இல்லை, ஒரு சந்தேகக் குறி இல்லை. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அதுதான் தப்பு. ஓலையில் எழுதும்போது புள்ளி வைக்க மாட்டார்கள், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வித்தியாசம் கிடையாது, துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். கொம்பு கொஞ்சம் தேய்ந்து போனால் "கோல்" என்ற தச்சர் அளவு "கால்" ஆகிவிடும். அவர்கள் அனுப்பியதில் அளவெல்லாம் கால், அரை என்று பின்னமாக மாறிப் போயிருந்தது. ஒரு தூணின் உயரம் முழங்கால் அளவுகூட வரவில்லை. வீட்டை அளந்தவன் என்பதால் எனக்கு அது தப்பு என்று தெரிந்தது, அளக்காத ஒருவர் அதை அப்படியே நம்பியிருப்பார்.

சரி, ஆசானிடம் வருவோம். முதல் நாள் ஓலையை நீட்டினேன், வாங்கவேயில்லை. "வீடு எந்தப் பக்கம் பாத்து இருக்கு மக்கா?" என்று கேட்டார். கிழக்கு என்றேன். எத்தனை அறை, மச்சு உண்டா, என்ன மரம், கிணறு எந்த மூலையில் என்று அரைமணி நேரம் வீட்டைப் பற்றியே பேசினார். வீடு மனசில் இல்லாமல் வீட்டுக் கணக்கைப் படித்தால் கண் தனக்குப் பிடித்ததைப் படித்துவிடும் என்பது அவருடைய வாதம். அப்புறம்தான் கையைத் துடைத்துக்கொண்டு ஓலையை வாங்கினார். பஞ்சில் கொஞ்சம் புல்தைலம் தொட்டு, எழுத்தின் ஓட்டத்திலேயே மெதுவாகத் துடைத்தார். அவருடைய மருமகள் ஒரு சின்ன டார்ச்சை ஓலைக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் போட்டோ எடுத்தார். நேராக வெளிச்சம் அடித்தால் ஓலை மினுங்கும், எழுத்து மறையும். பக்கத்திலிருந்து அடித்தால் கீறல் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கிறது. நான் எடுத்த படங்களையும் அவர் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே ஓலைதானா என்று இருந்தது.

ஆசான் சத்தமாகப் படிப்பார், மருமகள் நோட்டில் எழுதுவார். தமிழ் எழுத்து, மலையாளம், பழைய மலையாண்மை எழுத்து மூன்றும் ஆசானுக்கு வரும். தெற்குத் திருவிதாங்கூரில் 19-ஆம் நூற்றாண்டுக் காகிதங்கள் இப்படிக் கலந்துதான் கிடக்கும், ஒரே குடும்பத்தில் அப்பா ஒரு எழுத்திலும் மகன் வேறு எழுத்திலும் எழுதியிருப்பார்கள். தெரியாத சொல் வந்தால் நின்றுவிடுவார். இரண்டு தடவை பார்ப்பார். "தெரியல்லேன்னு எழுதிக்கோ" என்பார். என் முதல் ஓலையில் மட்டும் அப்படி ஐந்து இடம். இந்த ஐந்து காலி இடங்களுக்காகத்தான் நான் அவரை நம்பத் தொடங்கினேன்.

வருஷக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், இதில் பலர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். ஓலையில் இருப்பது கொல்லம் ஆண்டு. ௲௪௰௮ என்று எழுதியிருந்தால் 1048. அதோடு 825 கூட்டினால் கிறிஸ்து ஆண்டு என்று நினைத்து நான் 1873 என்று எழுதி வைத்திருந்தேன். கொல்லம் ஆண்டு இங்கே சிங்க மாதத்தில், அதாவது ஆவணியில் பிறக்கிறது. ஆகவே சிங்கத்திலிருந்து தனு மாதம் (மார்கழி) பாதி வரைக்கும் 824 கூட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் 825. என்னிடம் இருந்த இரண்டு ஓலையிலும் 1048 என்றே இருந்தது, ஒன்று சிங்கம், மற்றது மேடம், அதாவது சித்திரை. நான் மேடத்து வீட்டைத்தான் முந்தியது என்று எழுதி, அதிலிருந்துதான் மூத்தாசாரி இரண்டாவது வீட்டுக்குப் போனார் என்று ஒரு கதையே கட்டியிருந்தேன். உண்மையில் சிங்கத்து வீடு 1872 ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். மேடத்து வீடு 1873 ஏப்ரல், மே. வரிசை தலைகீழ். மேடத்து வீட்டில் பூமுகத்து உத்தரம் ஏன் அவ்வளவு தெளிவான வேலையாக இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது, அது பின்னால் செய்தது.

பணமும் அப்படித்தான். ஒரு கூலி வரியை முந்தைய நிறுவனம் 112 ரூபாய் என்று எழுதியிருந்தது. ஓலையில் இருப்பது பணம். திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக 112 பணம் என்றால் 16 ரூபாய். ஒரு கிராமத்து ஆசாரி பெரும் பணக்காரர் என்று நான் எழுதிவிடாமல் ஆசான் காப்பாற்றினார். அதே ஓலையில் கருப்புக்கட்டி என்று ஒரு வரி இருந்தது. வேலைக்காரர்களுக்குக் குடிக்கக் கொடுத்தது என்று நினைத்தேன். சுண்ணாம்பில் சேர்க்க வாங்கியதாக்கும் என்றார். அதற்கு அடுத்த வரியில் கடுக்காய் இருந்தது, சந்தேகம் தீர்ந்தது.

இனி எனக்கு மிக முக்கியமான பகுதி. நான் டேப் வைத்து அளந்தபோது ஒரு அளவும் நிறைவாக வரவில்லை. ஒரு வீட்டு அறப்புரை 16 அடி 11 அங்குலம் நீளம், அகலம் 11 அடி 9 முக்கால் அங்குலம். இப்படி யார் வீடு கட்டுவார்கள் என்று தோன்றும். ஆசான் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு தேக்குக் கோலை எடுத்தார். 72 சென்டிமீட்டர், 24 விரல், ஒரு விரல் 3 சென்டிமீட்டர், எட்டு எட்டு விரலுக்கு ஒரு வெட்டு. அதில் போட்டுப் பார்த்தால் நீளம் 7 கோல் 4 விரல், அகலம் 5 கோல். சுற்றளவு 24 கோல் 8 விரல். அப்புறம் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். சுற்றளவை 3-ஆல் பெருக்கி 8-ஆல் வகுக்க வேண்டும், மிச்சம் என்ன வருகிறதோ அதைத்தான் தச்சர்கள் யோனி என்கிறார்கள். ஒற்றைப்படை வந்தால்தான் வீட்டுக்கு ஆகும், 1 வந்தால் கொடி யோனி. 24 கோல் 8 விரலை மூன்றால் பெருக்கினால் 73. எட்டால் வகுத்தால் மிச்சம் 1. கோலில் எட்டு விரலுக்கு ஒரு வெட்டு எதற்கு என்று அப்போது புரிந்தது. எட்டு விரல் என்பது கோலில் மூன்றில் ஒன்று, வெட்டுகளை எண்ணினாலே பெருக்கல் தானாக முடிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத ஆசாரியும் மனசுக்குள்ளேயே போட்டுவிடலாம்.

ஒரு விஷயம் அவர் கண்டிப்பாகச் சொன்னார், அளப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சுவரை அளக்கக் கூடாது, சுவரின் மேல் கிடக்கும் உத்தரத்தை அளக்க வேண்டும். சுவரில் நூறு வருஷத்துப் பூச்சு ஏறியிருக்கும், மரம் வைத்த இடத்திலேயே இருக்கும். நான் திரும்பப் போய் உத்தரத்தில் அளந்தேன். ஏழு வீட்டில் ஒன்று இடித்தாகிவிட்டது, ஒன்றில் உத்தரத்தை வெட்டி ஹால் சேர்த்திருக்கிறார்கள். மீதி ஐந்திலும் மிச்சம் 1.

அப்புறம் அந்த மண்டபம். நாலாவது வீட்டில் கிடைத்த தாள்களோடு ஒரு சபைக் கோயில் (கிறிஸ்தவ ஆலயம்) முன்மண்டபத்துக்கான கணக்கு இருந்தது, 1049 மீனம், அதாவது 1874 மார்ச், ஏப்ரல். அதே மூத்தாசாரி. ஆனால் அதில் கோல் இல்லை, நீளம் 24 அடி, அகலம் 12 அடி என்று எழுதியிருக்கிறது. 1809-ல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடியில் கோயில் கட்டிய காலத்திலிருந்தே மிஷன் கட்டடங்கள் இங்கே எழும்பிக்கொண்டிருந்தன, வெள்ளைக்காரர்கள் அடிக்கணக்கில்தான் கேட்டிருப்பார்கள். நான் போய் அளந்தேன். அகலம் சரியாக 12 அடி. நீளம் 23 அடி அரை அங்குலம். கிட்டத்தட்ட ஒரு அடி குறைகிறது. ஏதோ இடப் பற்றாக்குறை என்று நினைத்து, ஆசானிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பென்சிலை எடுத்தார். சுற்றளவு 70 அடி 1 அங்குலம். கோலில் 29 கோல் 16 விரல். மூன்றால் பெருக்கினால் 89. எட்டால் வகுத்தால் மிச்சம் 1. 24 அடியாகவே கட்டியிருந்தால் முழுக் கணக்கே வந்திருக்காது, எட்டு விரலுக்குள் அடங்காமல் பிசகி நின்றிருக்கும்.

அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடியில் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கையில் இருந்த கோலால் அதைத் திருத்தி, தன் வீடுகளுக்கு என்ன செய்தாரோ அதையே கோயிலுக்கும் செய்திருக்கிறார். இதை ஆதாரம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மண்டபத்தின் மேற்கே ஒரு பழைய கிணறு இருக்கிறது, அதனால்கூட நீளம் குறைந்திருக்கலாம். ஆனால் ஐந்து வீடும் ஒரு மண்டபமும் ஒரே மிச்சத்தில் வந்து நிற்கும்போது எனக்கு அந்த மனிதரின் கை தெரிகிறது. பார்ட்டனின் கையெழுத்து வரைபடத்தில் இருக்கும் என்றால் இவருடையது இந்தக் கணக்கில் இருக்கிறது.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடுகளில் எல்லாம் அயினியும் பலாவும்தான், மண்டபத்தில் மட்டும் தேக்கு. பணம் இருந்ததால் தேக்கு போட்டார்கள் என்று நினைத்திருந்தேன். திருவிதாங்கூரில் தேக்கு சர்க்கார் மரம், சொந்தப் புரையிடத்தில் நின்றாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. அதற்கென்று ஒரு அனுமதித் தாள் இருந்தாக வேண்டும் என்று ஆசான் சொன்ன பிறகு, மிச்சத் தாள்களைத் துழாவினோம். மடித்து மடித்துத் தைத்து வைத்திருந்த ஒரு சின்னச் சீட்டு அதுதான் என்று தெரிந்தது. அதில் மூன்று சொல்லை இன்னும் படிக்க முடியவில்லை. நான் ஒவ்வொரு தடவை போகும்போதும் ஆசான் அதை ஒருமுறை எடுத்துப் பார்க்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை தாமதம். பத்து ஓலைக்கு ஆறு வாரம் ஆனது, நடுவில் கேட்டால் "முடியும்போது முடியும்" என்ற பதில்தான், ஒரு தேதி சொன்னால் நமக்கு உதவியாக இருக்கும். இரண்டாவது, ரசீது கிடையாது. ஒரிஜினல் ஓலைகளை விட்டுவிட்டு வருகிறோம், எத்தனை ஏடு கொடுத்தோம் என்று ஒரு துண்டுத் தாளிலாவது எழுதித் தர வேண்டாமா? என்னுடையது எதுவும் தொலையவில்லை, ஆனாலும் மற்றவர்கள் வீட்டுச் சொத்தை நான் கொண்டுபோகும்போது அந்தப் பயம் இருக்கத்தான் செய்கிறது. இப்போது நானே இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் மருமகளிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன், அவர் மறுக்கவில்லை. மூன்றாவது, படித்ததை நோட்டில் கையால் எழுதித்தான் தருகிறார்கள். டைப் செய்வது நம் பாடு. கணக்கு ஓலை என்றால் ஆசானுக்கு உற்சாகம், நிலத் தகராறு என்றால் வாங்கவே மாட்டார். "அதுக்கு வக்கீலப் பாரு" என்று திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்கு அவர் வர மாட்டார், ஆனால் எந்த மாதிரித் தாளைக் கேட்க வேண்டும், விண்ணப்பத்தில் என்ன சொல் போட வேண்டும் என்று சொல்லித் தருவார். அது எனக்கு ஒரு நாள் அலைச்சலை மிச்சம் பிடித்தது.

கட்டணம்: ஓலை ஏடு ஒன்றுக்கு 60 ரூபாய், தாள் என்றால் பக்கத்துக்கு 100. போட்டோவுக்குத் தனியாக வாங்குவதில்லை, பென் டிரைவ் கொண்டுபோனால் போட்டுத் தருவார்கள். படிக்க முடியாமல் போன ஏட்டுக்குப் பணம் வாங்கவில்லை, நான் வற்புறுத்தியும் வாங்கவில்லை. முந்தைய இடத்தில் நான் கொடுத்தது இதைப் போல நாலு மடங்கு.

போகிறவர்கள் ஓலையில் நீங்களாக எண்ணெய் எதுவும் தடவாதீர்கள், குறிப்பாகத் தேங்காய் எண்ணெய். ஒட்டியிருக்கும் ஏடுகளைப் பிரிக்க முயலாதீர்கள், கட்டோடு அப்படியே பருத்தித் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். வீட்டுப் படம் நாலைந்து போனில் எடுத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்பார். உத்தரத்தின் நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் எழுதிக்கொண்டு போனால் அங்கேயே கோலுக்கு மாற்றிச் சொல்லிவிடுவார். காலை பத்து மணிக்கு மேல் போனால் ஆள் இருப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசான் படிப்பதில்லை, கண் சோர்ந்துவிடுகிறது என்கிறார், ஆகவே தூரத்திலிருந்து வருகிறவர்கள் காலை பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள்.